குடோனுக்கு மேலே ஒரு கொட்டகை

மார்கழி முழுக்க, வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளும் என் ஜெராக்ஸ் கடையைச் சாயங்காலம் ஆறு மணிக்கே சாத்திவிட்டேன். சிட்டா அடங்கல் எடுக்க வந்தவர்கள் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுநாள் வந்து கேட்டவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன்: படம் பார்க்கப் போயிருந்தேன். 48 வயதில், பெண்பிள்ளை, தனியாக, எங்கள் ஊர்க் கொட்டகைக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நடக்காதிருந்த விஷயம் அது.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். தியேட்டர் இழுத்து மூடியபோது யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. கடைசிக் காலத்தில் பெண்கள் யாரும் உள்ளே கால் வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. கீழே தரை டிக்கெட்டும் பெஞ்சும் இருந்த இடம் இப்போது ஒரு நெல் வியாபாரி வாடகைக்கு எடுத்திருக்கும் குடோன். மேலே பால்கனி மட்டும் புறா அடைந்து சும்மா கிடந்தது. பழைய முதலாளியின் மகன் அதை விற்க மாட்டேன் என்று நின்றார். எனக்கு அவர் அண்ணன் முறை. பால்கனிக்கு முன்னால் சுவர் எழுப்பி, அதில் திரை கட்டி, 62 நாற்காலி போட்டு, ஒரு சின்னப் புரொஜக்டரும் நாலு ஸ்பீக்கரும் வாங்கி வைத்தார். டிக்கெட் 50 ரூபாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 10.

வருஷத்தில் மார்கழியில் மட்டும்தான் காட்சி. குறுவை நெல் எல்லாம் போய், சம்பா இன்னும் அறுப்புக்கு வராத நேரம் அது. கீழே குடோன் காலி. மற்ற மாதங்களில் லாரி பின்னால் வருகிற சத்தமும், மூட்டை போடுகிற சத்தமும், தூசியும். காலியாக இருந்தாலும் நெல் வாசனை போவதில்லை. பழைய சாக்கும் உமியும் கலந்த அந்த வாசனை மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறும். இந்த மாதம் நான் பார்த்த பதினொரு படத்துக்கும் அதே வாசனைதான்.

என் அப்பா இந்தத் தியேட்டரில் படப்பெட்டி தூக்கியவர். ஒரே பிரதியை வைத்து இரண்டு ஊர்த் தியேட்டரிலும் ஓட்டுவார்கள். இங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் சைக்கிள் கேரியரில் கட்டி ஏழு கிலோமீட்டர் மிதித்துப் போய் அங்கே கொடுக்க வேண்டும். 2000 அடி ரீல், ஓடுகிற நேரம் 22 நிமிஷம். அந்தக் கணக்கில்தான் அப்பாவின் ராத்திரிகள் ஓடின. ஒரு படத்தைக்கூட அவர் முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அம்மா சொல்வாள்.

முதல் காட்சிக்கு 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அதில் எத்தனை பேர் நம் மண்ணுக்காரர்கள் என்பதுதான். கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். கூட நடித்த டி.ஆர். ராஜகுமாரி தஞ்சாவூர். பாட்டெழுதிய பாபநாசம் சிவன் பெயரிலேயே ஊர் இருக்கிறது. படம் சென்னையில் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தபோது பாகவதர் ஜெயிலில் இருந்தார் என்பதை அண்ணன் காட்சிக்கு முன்னால் சொன்னார். பிரதி முழுக்கக் கீறல், மழை பெய்கிற மாதிரி. பாட்டு வந்ததும் பின்வரிசையில் இருந்த நாலைந்து பெரியவர்கள் மெதுவாகக் கூடவே பாட ஆரம்பித்தார்கள். சத்தமாக இல்லை, உதட்டுக்குள்ளேயே. கால் இழந்த ஹரிதாஸ் பெற்றவர்களைத் தேடித் தவழ்ந்து வரும்போது பாட்டு நின்று மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’. 1926-இல் வந்த ஊமைப்படம், ஒன்றேகால் மணி நேரம். அதற்குத் தவில் வாசிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாதே, தவில்காரர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. திரைக்கு வலது பக்கம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, தவில் வாசிக்க விரலில் போடும் கூட்டை விரல் விரலாக மாட்டிக்கொண்டார். படத்தை போனில் மூன்று தடவை பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. ரயில் இஞ்சினை ஓட்டுகிறவன்தான் கதாநாயகன். காதலி பேச மாட்டேன் என்று சொல்லிவிட, போய் இஞ்சினின் சக்கரத்தண்டில் உட்கார்ந்துகொள்கிறான். அவன் உட்கார்ந்திருப்பது தெரியாமல் யாரோ இஞ்சினைக் கிளப்பிவிடுகிறார்கள். தண்டு அவனைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, அப்படியே ஷெட்டுக்குள் கொண்டுபோகிறது. அந்த இடத்துக்குத் தவில்காரர் வலந்தலையை, அதாவது வலது பக்கத் தோலை, தொடவே இல்லை. இடக்கைக் கழியால் தொப்பி என்கிற இடது பக்கத்தில் மட்டும் ஒரு தட்டு, விட்டு இன்னொரு தட்டு. பழைய மீட்டர்கேஜ் கரி இஞ்சின் ஸ்டேஷனை விட்டு நகரும்போது முதல் நாலு மூச்சு விடுமே, அது. கடைசியில் எரிகிற பாலத்தில் ரயில் ஏறிப் பாலத்தோடு ஆற்றில் விழுகிறது. பொம்மை ரயில் இல்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஆறு ஒன்றில் நிஜ இஞ்சினையே விழவைத்து எடுத்தது. அந்த இடம் வரை கூட்டிக்கொண்டே வந்த தவில் சட்டென்று நின்றது. ரயில் சத்தமே இல்லாமல் விழுந்தது. என் பக்கத்துச் சீட்டுப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

காட்சி முடிந்து சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான். “அக்கா, இந்த ஆளு எந்தப் பக்கத்துக்காகச் சண்டை போடறான்னு கவனிச்சீங்களா? அடிமைங்களை வச்சிக்கணும்னு சொன்ன பக்கம்.” நான் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அதே வாரம் 25-ஆம் தேதி, வியாழக்கிழமை, தனியாக ஒரு காட்சி. பாரதி கிருஷ்ணகுமார் எடுத்து 2005-இல் வந்த ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம். டெல்டாவில் டிசம்பர் 25 என்றால் வெண்மணி. 1968-இல் அந்த ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்துகொண்ட விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேரைப் பண்ணையார்களின் ஆட்கள் எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலிக்காரர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் உயர்வு. அன்று பகலில் வெண்மணிக்குப் போய் அஞ்சலி செலுத்திவிட்டு வேனில் திரும்பியவர்கள் சிலர் நேராக மாடி ஏறி வந்தார்கள். நாற்காலி போதாமல் படிகளிலும் உட்கார்ந்தோம்.

அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். 76 வயது, முட்டி வலி, ஒவ்வொரு படியாக ஏறினாள். 1968-இல் அவள் கல்யாணமாகாத பெண், நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவள் அப்பா கடைசி வரை ஒரே பண்ணையில்தான் இருந்தார். படத்தில் அந்த ஊர்க்காரர்கள் பேசப் பேச அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனேன். அம்மா அரிசி டிரம்முக்குள்ளிருந்து இரும்பு அரைப்படியை எடுத்து வைத்திருந்தாள். வருஷக்கணக்காக அதில்தான் உலைக்கு அரிசி அளக்கிறோம். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதில் அரிசியைக் கொட்டி, உள்ளங்கையால் தலை வழித்து, என் கையில் கொடுத்தாள். “பாரு. இவ்வளவுதான்டி கேட்டாங்க.” பிறகு அதை வாங்கி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

கீட்டன் படத்தை நான் இப்போதும் நல்ல படம் என்றுதான் சொல்வேன். ஆனால் வியாழக்கிழமை அந்தக் குடிசையைப் பார்த்தபின் ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு பழைய மாதிரி இல்லை. தனித்தனியாக, வீட்டில் போனில் பார்த்திருந்தால் இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்து யோசித்திருக்க மாட்டேன். ஒரே நாற்காலியில், அதே முகங்களோடு, நாலு நாள் இடைவெளியில் பார்த்ததால்தான். யார் இந்த வரிசையைப் போட்டார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். தேதிக்கு ஏற்ப அமைந்தது என்றார். அந்தத் தம்பியைப் போல ஒருவன் கூட்டத்தில் இருந்ததுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் ஈரானியப் படம். அப்பாஸ் கியாரொஸ்தமி 1987-இல் எடுத்தது, நண்பனின் வீடு எங்கே என்று பெயர். பக்கத்துப் பையனின் நோட்டுப் புத்தகம் தவறுதலாகத் தன் பையில் வந்துவிட, அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு சின்னப் பையன் மலை ஏறி அடுத்த ஊருக்கு ஓடுகிறான். நோட்டில் எழுதாமல் வந்தால் நண்பனைப் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்திவிடுவார் வாத்தியார். கதை அவ்வளவுதான். பேச்சு பாரசீகத்தில், கீழே எழுத்து இங்கிலீஷில். அதனால் ஒரு கல்லூரிப் பெண் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதாக ஏற்பாடு. ஊமைப்பட காலத்திலும் இப்படித்தான் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். கால் மணி நேரம் சொல்லியிருப்பாள். முன்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல், மூன்றாவது படிக்கிற பிள்ளை: “அக்கா, பேசாதீங்க அக்கா. புரியுது.” அந்தப் பெண் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஓடுகிற அந்தப் பையனின் மூச்சுச் சத்தம் மட்டும். பிள்ளைகள் யாரும் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. வீட்டுப்பாடம் செய்யாத பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கஜா புயலைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்கள் ஒரு நாள் போட்டார்கள். சாய்ந்த தென்னைகளைப் பார்த்ததும் கூட்டத்தில் பெருமூச்சு. நடிப்பு முன்னேபின்னே இருந்தாலும் அந்த 2018 நவம்பரை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும். இரண்டு படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் மழையை அழகாக எடுத்திருந்தார்கள், மழையில் நனைகிறவரைப் பற்றி அக்கறைப்படவில்லை.

கடைசி வாரத்தில் ‘வீடு’. பாலு மகேந்திரா, 1988. அன்றைக்குப் படம் தொடங்க நாற்பது நிமிஷம் தாமதம். ஹார்ட் டிஸ்க் தஞ்சாவூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. அந்தக் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், யாரும் குறை சொல்லவில்லை. “பெட்டி வந்துருச்சா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். எத்தனை வருஷம் கழித்துக் காதில் விழுகிற கேள்வி. பழைய ஆபரேட்டர் சித்தப்பா இப்போதும் கேபினில்தான் உட்கார்ந்திருக்கிறார், புரொஜக்டரைத் தொடுவது அவர் பேரன்தான் என்றாலும். என்னைப் பார்த்து, “ஒங்கப்பா ஐப்பசி மழையில பெட்டியை உரச்சாக்குல சுத்திக் கொண்டாருவாரு. அவரு தொப்பலா நனைஞ்சிருப்பாரு, பெட்டியில ஒரு சொட்டு இருக்காது” என்றார். அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

‘வீடு’ படத்தை டிவியில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கென்று வீடு கட்டியிருக்கவில்லை. இப்போது கட்டியிருக்கிறேன், அரையும் குறையுமாக. காண்ட்ராக்டர் சிமெண்ட்டுக்கென்று வாங்கிய பணத்தோடு வராமல் போய்விட்டார், லிண்டல் மட்டத்தோடு எட்டு மாதம் நின்றது. படத்தில் காண்ட்ராக்டர் சிமெண்ட்டைக் கடத்தி விற்பதைச் சித்தாள் மங்கம்மா போட்டுடைக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பாட்டே கிடையாது, இளையராஜா தன் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்புக்குச் செய்த இசைதான் பின்னால் ஓடுகிறது. தாத்தாவாக நடிக்கும் சொக்கலிங்க பாகவதர் அந்த முடியாத வீட்டுக்குள் வந்து, பூசாத சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார். நானும் குடிபோகும் முன்னால் தினமும் சாயங்காலம் போய்ச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். யாரிடமும் சொன்னதில்லை.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காட்சி முடிந்தது. திரையைக் கழற்றிச் சுருட்டும்போது நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அண்ணன் அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரண்டு இடத்தில் கயிறு கட்டினார். அடுத்த வருஷம் என்ன வேண்டும் என்று ஒரு நோட்டை எல்லாரிடமும் நீட்டினார். தவில் வேண்டும் என்றுதான் நிறைய பேர் எழுதியிருந்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: நடவுக்காரங்க படம் ஏதாவது.

கனுவுக்கு மறுநாள் கடை திறந்தேன். எதிரே முதல் நெல் லாரி குடோன் வாசலில் பின்னால் வந்துகொண்டிருந்தது.