தவறான மதிப்பு என்றால் எந்த மதிப்பு?

லாகில் (நிரல் ஓடும்போது எழுதும் பதிவில்) ஒரே ஒரு வரி: "தவறான மதிப்பு." ராத்திரி பதினொரு மணிக்கு இதைப் பார்க்கிறவருக்கு என்ன புரியும்? ஏதோ ஒரு ஃபங்ஷனுக்கு ஏதோ ஒன்று வந்தது, அதற்குப் பிடிக்கவில்லை. என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்த ஆர்டரில் நடந்தது, ஒன்றும் கிடையாது. இத்தனைக்கும் எரர் வீசிய அந்த நொடியில் இவை எல்லாமே நிரலின் கையில் இருந்தன. ஃபங்ஷன் வேலையைத் தொடங்கும் முன், வந்த மதிப்பு சரிதானா என்று பார்ப்பதுதான் முன்நிபந்தனைச் சோதனை. அதை எழுதுவதில் பாதி வேலை, அப்போது கையில் இருந்ததை வெளியே கொடுத்துவிட்டுச் சாவது. மறுபாதி, அந்தச் சோதனை உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்ப்பது. வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ஆர்டர் தொகையில் தள்ளுபடி கழிக்கும் ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தள்ளுபடி விகிதம் 0 முதல் 1 வரை வர வேண்டும். அழைக்கிறவர் 15 சதவீதம் என்று நினைத்து 15 அனுப்புகிறார். சோதனை இல்லையென்றால் 2,000 தொகையில் 30,000 கழிந்து மைனஸ் 28,000 வரும். யாரும் கத்த மாட்டார்கள். அது டேட்டாபேஸில் போய் உட்கார்ந்து, மாதக் கடைசி அறிக்கையில்தான் தலைகாட்டும். அங்கிருந்து தப்பு தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போவதுதான் சிரமம்.

சரி, சோதனை போட்டாயிற்று. மெசேஜ் "தள்ளுபடி செல்லாது" என்று இருந்தால் நிரலைத் திறந்து படித்தால்தான் விதி தெரியும். "தள்ளுபடி விகிதம் 0 முதல் 1 வரை இருக்க வேண்டும்" என்றால் விதி தெரிகிறது, வந்தது என்னவென்று தெரியவில்லை. எழுத வேண்டியது இப்படி:

"ஆர்டர் 48213: தள்ளுபடி விகிதம் 0 முதல் 1 வரை (இரண்டும் உட்பட) இருக்க வேண்டும், வந்தது 15. சதவீதமாகக் கொடுத்திருந்தால் 100-ஆல் வகுத்து அனுப்பவும்."

"இரண்டும் உட்பட" என்பதை விட்டுவிடாதீர்கள். 1 அனுப்பலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்த இரண்டு சொல்தான் பதில். நேரம், அளவு போன்றவற்றுக்கு அலகும் வேண்டும்: "காத்திருப்பு நேரம் 30-க்குள்" என்றால் நொடியா மில்லிநொடியா? கடைசியில் வரும் யோசனை வரியில் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டலாம். 1-க்கு மேல் 100 வரை வந்தால் சதவீதக் குழப்பம் என்று தைரியமாகச் சொல்லலாம். மைனஸ் 3 வந்தவரிடமும் "100-ஆல் வகுக்கவும்" என்றால் அவரைத் தப்பான சந்துக்குள் அனுப்பியதாகிவிடும். ஊகம் உறுதியில்லை என்றால் விதியும் மதிப்பும் போதும்.

மதிப்பைக் காட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "பயனர் பெயர் செல்லாது: " என்று முடிகிற வரியில் வந்தது காலி ஸ்ட்ரிங்கா (எழுத்தே இல்லாத உரையா), வெறும் இடைவெளியா, மெசேஜே பாதியில் வெட்டுப்பட்டதா என்று சொல்ல முடியாது. மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பைதானில் ரெப்ர் (repr) வடிவத்தில் அச்சிட்டால் எண் 15-ம் ஸ்ட்ரிங் '15'-ம் வேறுவேறாகத் தெரியும். வரி முறிவும் வரியை முறிக்காமல் வெறும் எஸ்கேப் குறியீடாக மாறிவிடும். அதனால் வெளியாள் ஒருவர் உள்ளீட்டில் வரி முறிவைச் செருகி, லாகில் போலி வரி உண்டாக்கும் வேலையும் நடக்காது. பெரிய பட்டியல் என்றால் நீளமும் முதல் சில உறுப்புகளும் போதும். கடவுச்சொல், டோக்கன், அட்டை எண் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் மெசேஜில் போடக்கூடாது. நீளத்தைச் சொல்லலாம், காலியா இல்லையா என்று சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி சோதனையே ஏமாற்றும் இடங்கள். மேலே சொன்ன விதியைப் பலரும் இப்படி எழுதுவார்கள்: விகிதம் 0-ஐவிடச் சிறியது அல்லது 1-ஐவிடப் பெரியது என்றால் எரர். பார்க்கச் சரிதான். ஆனால் மிதவைப் புள்ளி எண்களில் (தசமப் புள்ளியோடு வரும் எண்களில்) "எண் அல்ல" என்று ஒரு மதிப்பு உண்டு. (அதன் சுருக்கமான NaN-ஐத் தமிழில் உச்சரித்தால் "நான்" என்றாகிவிடும், குழப்பம் வேண்டாம், நேன் என்று வைத்துக்கொள்வோம்.) நேனை எதோடு ஒப்பிட்டாலும், சிறியதா, பெரியதா, சமமா, மூன்றுக்கும் விடை "இல்லை". ஆகவே இரண்டு நிபந்தனையிலும் சிக்காமல் உள்ளே நுழைந்துவிடும். அதற்குப் பிறகு அது தொட்ட கூட்டல் கழித்தல் எல்லாம் நேன். விதியைத் திருப்பிப் போடுங்கள்: விகிதம் 0-க்குக் குறையாமலும் 1-ஐத் தாண்டாமலும் இருக்கிறதா? இல்லையென்றால் எரர். இப்போது நேன் வாசலிலேயே மாட்டும். எது கூடாது என்று அடுக்குவதைவிட எது வேண்டும் என்று எழுதி அதை மறுப்பது எப்போதும் பத்திரம். நேன் எங்கிருந்து வரப்போகிறது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். பைதானின் தரவு நூலகமான பாண்டாஸ் வாசிக்கும் அட்டவணையில் காலிக் கட்டம் நேன் ஆகிவிடும். ஜேசான் (JSON) தரவை வாசிக்கும் பைதான் நூலகமும் அதை இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்று: "தொகை இல்லையென்றால் எரர்" என்று சுருக்கமாக எழுதுவது. பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 0-ம் "இல்லை" கணக்கில்தான் சேரும். முழுத் தள்ளுபடி போன ஆர்டரின் தொகை 0. அது செல்லுபடியான மதிப்பு. மதிப்பே வரவில்லையா (நல், அதாவது null) என்று கேட்க வேண்டிய இடத்தில் அதை மட்டுமே கேளுங்கள். பைதானில் ட்ரூ (உண்மை) என்பதும் முழு எண் வகையைச் சேர்ந்ததுதான். எண் வகையா என்று மட்டும் சோதித்தால் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ட்ரூ வந்து 1 ஆக நடமாடும்.

நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் அசெர்ட் கட்டளை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பைதானை மைனஸ் ஓ (-O) கொடுத்து ஓட்டினால் அசெர்ட் வரிகள் பைட்கோடிலேயே (பைதான் உண்மையில் ஓட்டும் வடிவத்திலேயே) இருக்காது. ஜாவாவில் கதை நேர்மாறு: மைனஸ் ஈஏ (-ea) கொடுத்தால்தான் அசெர்ட் ஓடும், கொடுக்காவிட்டால் தூங்கும். சி-யில் என்டீபக் (NDEBUG) வரையறுத்தால் மறைந்துவிடும். ரஸ்ட் நேர்மையானது; சாதாரண அசெர்ட் எப்போதும் ஓடும், வளர்ச்சிக் கட்டத்துக்கு மட்டும் என்றால் டீபக் அசெர்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆர்கியுமென்டை (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பை) சோதிக்க அசெர்ட் வேண்டாம், எக்ஸெப்ஷன் (இதுவரை எரர் என்று சொன்னது) வீசுங்கள். "இந்த இடத்தில் இது பொய்யாகவே முடியாது" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் இடங்களுக்கு அசெர்ட்டை வைத்துக்கொள்ளலாம். பைதானில் நிபந்தனையையும் மெசேஜையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் அது டியூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) ஆகி எப்போதும் உண்மையாகிவிடும். எச்சரிக்கை வரும்தான், யார் படிக்கிறார்கள்?

கேட்கக் கேட்க மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் இன்னும் நுட்பமான பொறி. ஃபங்ஷனுக்குள் எங்காவது ஒரு யீல்ட் (மதிப்பை வெளியே தரும் கட்டளை) இருந்தால் போதும், அதை அழைக்கும்போது உள்ளே ஒரு வரிகூட ஓடாது. முதல் மதிப்பைக் கேட்கும்போதுதான் ஓடத் தொடங்கும். முதல் வரியில் அழகாக எழுதி வைத்த சோதனை, தப்பான பக்க அளவைக் கொடுத்த இடத்தில் வெடிக்காமல், நாலு ஃபைல் தாண்டி ஏதோ ஒரு லூப்பில் வெடிக்கும். ஸ்டாக் டிரேஸில் (எரர் வரை வந்த அழைப்புகளின் பட்டியலில்) தப்புச் செய்தவர் பெயரே இருக்காது. தீர்வு எளிது: வெளியே ஒரு சாதாரண ஃபங்ஷன், அதில் சோதனைகள், கடைசியில் உள் ஜெனரேட்டரை அழைத்து அதைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஜெனரேட்டர் போன்ற சி ஷார்ப் இட்டரேட்டர்களுக்கும் இதே வைத்தியம். பைதானின் அசிங்க் ஃபங்ஷனும் அவெய்ட் கொடுத்து விடையைக் கேட்கும்வரை (அல்லது டாஸ்க்காகப் போடும்வரை) தூங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெசேஜ் செலவு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, லட்சக்கணக்கில் சுற்றும் லூப்பைத் தவிர. ஜாவாவில் ஸ்ட்ரிங்குகளை ஒட்டி அனுப்பினால் சோதனை தேறினாலும் ஒட்டும் வேலை நடந்துவிடும். ஜாவா நூலகமான குவாவாவின் சோதனை ஃபங்ஷன்கள் வார்ப்புருவையும் மதிப்புகளையும் தனித்தனியே வாங்குவது இதைத் தவிர்க்கத்தான். கோட்லினில் மெசேஜ் லாம்டாவாக (பெயரில்லாச் சிறு ஃபங்ஷனாக) போகிறது; தோற்றால் மட்டும் ஓடும். அதே கோட்லினில் ரிக்வயர் என்றால் ஆர்கியுமென்ட் தப்பு, செக் என்றால் பொருளின் நிலை தப்பு. இந்தப் பிரிவை மற்ற மொழிகளிலும் பின்பற்றலாம். நிலை தப்பு என்றால் மெசேஜ் தற்போதைய நிலையையும் முதலில் அழைக்க வேண்டியதையும் சொல்ல வேண்டும்: "இணைப்பு 'மூடப்பட்டது' நிலையில் உள்ளது; அனுப்புவதற்கு முன் திறக்கவும்."

நல் சோதனையை எல்லா உள் ஃபங்ஷனிலும் தூவ வேண்டாம். வெளியாட்கள் அழைக்கும் வாசலில் ஒருமுறை போதும். ஜாவா 14-இல் விருப்பத் தேர்வாக வந்து, 15-இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கிய வசதியால், சங்கிலியாக அழைத்த வரியில் எது நல் என்று ஜாவாவே இப்போது சொல்லிவிடும். அதேபோல் ஃபைல் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பதும் வீண். சோதித்ததற்கும் திறப்பதற்கும் நடுவில் அது போய்விடலாம். நேராகத் திறந்து, தோற்றால் பாதையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களில் முதல் தப்பிலேயே நின்றுவிடலாம்; கான்ஃபிக் ஃபைல் (நிரலின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) மட்டும் விதிவிலக்கு. அங்கே முதல் தப்பில் நிற்காமல் எல்லாத் தப்பையும் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுங்கள். ஒன்றைத் திருத்தி, மறுபடி ஓட்டி, அடுத்ததில் மாட்டி, மறுபடி திருத்தி என்று ஏழு தடவை அலைய வைப்பது பாவம்.

மெசேஜுக்கும் டெஸ்ட் எழுதுங்கள். முழு வாக்கியத்தையும் ஒப்பிட வேண்டாம். ஆர்கியுமென்ட் பெயரும் வந்த மதிப்பும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பைதானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் மேட்ச்சுக்குக் கொடுப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சில குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவம்) என்பதால், "வரை (இரண்டும் உட்பட)" என்பதிலுள்ள அடைப்புக்குறிகளை எஸ்கேப் செய்யாவிட்டால் (முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால்) மெசேஜ் சரியாக இருந்தும் டெஸ்ட் தோற்கும்.