தேசிமரத்தடி

2025 யூலை 27, கோண்டாவில்

சோளகக் காற்று ஓயவில்லை. நேற்றும் இரவு 2 மணிக்குப் பிறகு அந்தச் சத்தம். டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. பிறகு டொக்.

அம்மாவிடம் கேட்டேன். "பனம்பழம் விழுகுது, படு" என்றார். பனம்பழம் தொப்பென்று ஒருமுறை விழும், அவ்வளவுதான். இது இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். பாக்குரல். 1995க்குப் பிறகு எங்கள் வீட்டில் பாக்குரல் இல்லை.

ஓகஸ்ட் 2

செம்மணி சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியில் எலும்புகளோடு நீலப் பள்ளிக்கூடப் பையொன்றும் வந்த நாளிலிருந்து அம்மா பேப்பரை மடியிலிருந்து இறக்குவதில்லை. எடுத்த பொருட்களை 5ஆம் திகதி சனத்துக்குக் காட்டுகிறார்களாம்.

"அம்மான்ரை பாக்குவெட்டி எண்டால் கண்டவுடனை சொல்லுவன். பிடியிலை மயில் இருக்கும்."

அம்மம்மா அந்தச் செம்மணி வீதியில்தான் காணாமற்போனார் என்று 30 வருடமாக நம்புகிறார். நம்பவைத்தவன் நான்.

ஓகஸ்ட் 4, விடியப்புறம்

டோர்ச் எடுத்துக்கொண்டு வளவுக்குள் போனேன். தேசிமரத்தடியில் நின்றதும் சத்தம் நின்றது. செருப்பைக் கழற்றினேன். உள்ளங்காலில் மண் மெல்ல அதிர்ந்தது. டொக்.

சரி, எழுதிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு. ஆமி நெருங்குதென்று வலிகாமம் முழுக்க மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்களிடம் ஒரே சைக்கிள். கரியரில் அம்மம்மா, நான் நடக்கவேணும் என்று அப்பா சொன்னார். எனக்கு 9 வயது, காலில் புண். அம்மம்மா எதையோ எடுக்க வளவுப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், இறங்கினார். "அம்மம்மா எங்கை?" என்று அப்பா கேட்டபோது, பக்கத்து வீட்டு ட்ராக்டரில் ஏறிவிட்டா என்றேன். கரியரில் ஏறினேன். படலை தாண்டும்போது பங்கருக்குள் பாக்கு இடிக்கும் சத்தம் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.

1996இல் திரும்பி வந்தபோது பங்கர் இடிந்து இறங்கிக் கிடந்தது. அப்பா மண் போட்டு நிரவி, மேலே தேசிக் கன்று நட்டார். தண்ணீர் ஊற்றியது நான்தான். அந்தத் தேசிக்காயை இன்றுவரை நான் வாயில் வைத்ததில்லை. ஏனென்று அம்மா கேட்டதுமில்லை.

ஓகஸ்ட் 5

அம்மா வெள்ளைச் சேலை உடுத்து, குடையோடு படலையடியில் நின்றார். ஓட்டோ வந்துவிட்டது. அங்கே போய் ஒவ்வொரு பொருளாய்க் குனிந்து பார்க்கப்போகிறார் என்று நினைத்ததும் என்னால் முடியவில்லை. அதே இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஓட்டோவை அனுப்பிவிட்டார். நேரே தேசிமரத்தடிக்குப் போய்ச் சேலையோடு மண்ணில் இருந்தார். வெயில் சரியும்வரை ஒரு சொல் இல்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"கையிலை வெத்திலை வச்சிருந்தவவோ?"

"ஓம்" என்றேன். எனக்குத் தெரியாது.

"விடியக் கிராம சேவகரிட்டைப் போவம்."

இரவு 2.10

டொக், டொக். அம்மாவின் கட்டில் கிரீச்சிடுகிறது. பின்கதவின் தாழ்ப்பாளை யாரோ மெதுவாக இழுக்கிறார்கள். நானும் எழும்புகிறேன்.