இணையில்லாத பதிவுகளைத் தேடியபோது

நூலக மென்பொருள் ஒன்றின் தரவுத்தளத்திலிருந்து, உறுப்பினராகச் சேர்ந்தும் ஒரு நூலைக்கூட இரவல் பெறாதவர்களின் பட்டியலை எடுத்துத் தருமாறு என்னிடம் கேட்டிருந்தார்கள். உறுப்பினர் அட்டவணை, இரவல் அட்டவணை, இரண்டுக்கும் பொதுவாக உறுப்பினர் எண். ஒரு பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் ‘நாட் இன்’ (NOT IN) என்பதை வைத்து வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, எழுதி ஓட்டினேன். ஒரு பதிவும் வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லாததால், எல்லோருமே நூல் எடுத்திருக்கிறார்கள் என்று அந்த வெறுமையை விடையாகவே எடுத்துக்கொண்டேன். தமக்குத் தெரிந்த ஓர் உறுப்பினர் இதுவரை நூலே எடுத்ததில்லை என்று நூலகர் சொன்ன பிறகுதான் வினவலைத் திரும்பிப் பார்த்தேன்.

பழைய கையெழுத்துப் பேரேட்டிலிருந்து ஏற்றப்பட்ட சில இரவல் பதிவுகளில் பெயர் மட்டும் இருந்தது; உறுப்பினர் எண் ‘நல்’ ஆக விடப்பட்டிருந்தது. வினவல்களை எழுதும் எஸ்.க்யூ.எல். (SQL) மொழியில் ‘நல்’ (NULL) என்பது சுழியமும் அன்று, வெற்றுச் சரமும் அன்று. மதிப்பு தெரியவில்லை என்பதற்கான குறி. 7 என்ற எண் 3, 5, நல் ஆகியவற்றுள் இல்லையா என்று கேட்டால், 7 என்பது 3 அன்று, 5 அன்று என்பவை உண்மையாகின்றன. ஆனால் தெரியாத அந்த மூன்றாவதும் 7 அன்று என்று எப்படிச் சொல்வது? மூன்றும் சேர்ந்த முடிவு ‘தெரியாது’ என்றாகிறது. வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையோ உண்மை என்று உறுதியான வரிகளை மட்டுமே வெளியே விடும். ஆகவே ‘நாட் இன்’ ஒப்பிடும் பட்டியலைத் தரும் உள்வினவலில் ஒரேயொரு நல் இருந்தாலும் போதும், விடை முழுவதும் காலியாகிவிடும். தரவுத்தளம் பிழை செய்யவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. இந்த உறுப்பினர் எண்ணுடன் பொருந்தும் இரவல் பதிவு ஒன்றேனும் உண்டா என்று மட்டுமே அது பார்ப்பதால், நல் உள்ள வரிகள் எவருடனும் பொருந்தாமல் ஒதுங்கிவிடுகின்றன. இப்போது நான் முதலில் கை வைப்பது இதில்தான்.

இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது, இணை கிடைக்காத இடப்பக்க வரிகளையும் வலப்பக்கம் நல் இட்டு வைத்துக்கொள்வது ‘லெஃப்ட் ஜாயின்’ (LEFT JOIN). அதைச் செய்து, வலப்பக்கம் நல் ஆக உள்ளவற்றை வடிகட்டும் வழியைப் பலர் விரும்புகிறார்கள். அதுவும் சரியே, ஆனால் எந்த நெடுவரிசையைச் சோதிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். திருப்பிய தேதி நல் ஆக உள்ளதா என்று சோதித்தால், நூலை இன்னும் கையில் வைத்திருப்பவர்களும் ‘நூலே எடுக்காதவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். இணைப்புக்குப் பயன்பட்ட உறுப்பினர் எண்ணையே சோதிக்க வேண்டும். கடந்த ஓராண்டில் இரவல் பெறாதவர்கள் என்று கேள்வி மாறினால், தேதி நிபந்தனையை, எப்படி இணைப்பது என்று சொல்லும் ‘ஆன்’ (ON) பகுதியில் வைக்க வேண்டும். அதை ‘வேர்’ பகுதிக்குக் கொண்டுபோனால், இணையில்லாத வரிகளில் தேதியும் நல் என்பதால், மறுபடியும் அதே காலி விடைதான்.

ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றில் உள்ளவற்றைக் கழிக்கும் ‘எக்ஸெப்ட்’ (EXCEPT) என்பதும் உண்டு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அது 8.0.31 பதிப்பில்தான் வந்தது, ஆரக்கிளில் நெடுங்காலமாக ‘மைனஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. எண்கள் மட்டும் போதுமென்றால் அது எளிது.

சரியான வினவல் தந்த பட்டியலும் முழுமையாக நம்பத்தக்கதாக இல்லை. எண் இல்லாத பேரேட்டுப் பதிவுகளுக்கு உரியவர்களும் அதில் இருந்தார்கள் அல்லவா? அவற்றைப் பெயர் கொண்டு உறுப்பினர் அட்டவணையுடன் பொருத்த முயன்றபோது, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்த ‘கோமதி’ இரண்டு பொருந்த மறுத்தன. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறையான யூனிகோடில் ‘கோ’ என்பதை ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம்; ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் தன் வழக்கமான ஒப்பீட்டில் இவற்றை வெவ்வேறு சரங்களாகவே கொள்கிறது. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். 13ஆம் பதிப்பு முதல் அதில் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூற்றைக் கொண்டு இரு பக்கத்தையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. (NFC) வடிவத்துக்கு மாற்றி, சொல்லின் இறுதியில் ஒட்டியிருந்த இடைவெளிகளையும் நீக்கிய பின்னரே பெயர்கள் பொருந்தின. ஒரே பெயரில் பலர் இருந்த இடங்களை மட்டும் நூலகருடன் அமர்ந்து பேரேட்டைப் பார்த்துத் தீர்த்தோம்.

இரவல் அட்டவணையின் எண்ணை உறுப்பினர் அட்டவணையுடன் கட்டிவைக்கும் அயல்விசை (foreign key) இருந்திருந்தால் இதெல்லாம் நேர்ந்திருக்காது என்று முதலில் எண்ணினேன். அயல்விசை அங்கே ஏற்கெனவே இருந்தது. இல்லாத உறுப்பினரின் எண்ணை அது தடுக்கும். நல் வந்தால் எதையும் சோதிக்காமல் உள்ளே விட்டுவிடும். எண்களை நிரப்பி முடித்த அன்றே அந்த நெடுவரிசைக்கு ‘நாட் நல்’ கட்டுப்பாட்டைச் சேர்த்தேன்.