நாற்காலி போடும் வேலை யாருக்கு?

நெருக்கமானவர்களைப் பறிகொடுத்தவர்கள் வாரம் ஒருமுறை கூடும் எங்கள் கூட்டத்தில் விதிகள் நாலே நாலுதான். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. பேச மனமில்லாவிட்டால் தன் முறை வரும்போது தலையை ஆட்டிவிட்டால் போதும், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அறைக்குள் கேட்டது வெளியே போகக்கூடாது. யாருக்கும் யாரும் யோசனை சொல்லக்கூடாது. முதல் மூன்றும் புதிதாக வருகிறவர்களுக்குக்கூடச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். நாலாவது இருக்கிறதே, அதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும்.

ஒருவர் "ராத்திரி தூக்கமே வர்றதில்ல" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி நாக்கு நுனியில் நிற்கும். இன்னொருவருக்குத் தன் மாமனாருக்குத் தெரிந்த டாக்டர். மூன்றாமவர் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல வாயைத் திறந்து, விதி ஞாபகம் வந்து மூடிக்கொள்வார். எல்லாமே நல்ல மனசோடு வருகிறவைதான். ஆனாலும் அடுத்தவரின் துக்கத்தோடு ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாமல்தான் நாம் பாதி யோசனைகளைச் சொல்கிறோம் என்பது என் கட்சி.

என் தங்கை போன பிறகு நான் இந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது அதை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. நடத்துவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்க்கவேண்டும், பேச்சு ஒருவரிடமே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், யாராவது அழுதால் மற்றவர்கள் பதறி எழுந்துவிடாமல் கண்ணாலேயே அமர்த்தவேண்டும்.

ஒரு நல்ல கேள்வி என்ன செய்யும் என்பதை அங்கேதான் பார்த்தேன். அம்மாவை இழந்த ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவின் செல்போனில் மாத்திரை நேரத்துக்கு வைத்த அலாரம் இன்னும் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அடிக்கிறதாம். நிறுத்தவும் மனசு வரவில்லை, கேட்கவும் முடியவில்லை. "எடுத்துடும்மா" என்றோ "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றோ சொல்ல எல்லோருக்கும் வாய் துறுதுறுத்தது. வயதான ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அந்த அலாரம் எப்படிம்மா அடிக்கும்?"

அவள் கொஞ்சம் விழித்தாள். "சேவல் கூவும் ஐயா. அம்மாவே தேடித் தேடி வச்சாங்க."

ராத்திரி எட்டு மணிக்குச் சேவல் கூவுகிற வீடு! முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம், அம்மா வேறு எந்தச் சத்தத்தையெல்லாம் போட்டுப் பார்த்து வேண்டாமென்றார், மாடி வீட்டுக்காரர் வந்து என்ன கேட்டார் என்று கதை கதையாய் வந்தது. அதுவரை அவள் அம்மாவின் நோயைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தாள். அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அலாரத்தை என்ன செய்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இப்படிக் கேட்பதற்குப் படிப்பு ஏதாவது வேண்டுமா என்று சிலர் விசாரிப்பதுண்டு. அவர்களுக்கு நான் சாட் வாராவின் கதையைச் சொல்வேன். இங்கிலாந்துக்காரர். 1935-ல் இளம் பாதிரியாராக இருந்தபோது ஒரு சிறுமியின் அடக்கத்தை நடத்திவைத்தார். முதல் மாதவிடாயை ஏதோ தகாத நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளை அது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஓர் ஆள் இல்லை. இது வாராவின் மனதை விட்டுப் போகவே இல்லை. 1953-ல் லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்துகொண்டு, வாழப் பிடிக்காதவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று அறிவித்தார்.

போன் வந்தது, ஆட்களும் நேரில் வந்தார்கள். ஒருவரால் சமாளிக்கிற கூட்டமாக அது இல்லை. அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்தவரிடமே மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் பாதிரியாரைப் பார்க்காமலேயே கிளம்பிப் போனார்கள். வாரா கௌரவம் பார்க்கவில்லை. 1954 பிப்ரவரியில் கேட்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவானது அப்படித்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தத் தேநீர்க் கோப்பை. கையில் ஏதோ ஒரு வேலையோடு வந்து பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேச்சு தானாக வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு "ம், சொல்லுங்க" என்பவரிடம் வருமா?

எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். மகனை இழந்தவர். வாராவாரம் தவறாமல் வருவார், தன் முறை வந்ததும் தலையை ஆட்டிவிடுவார். மாதக்கணக்கில் அவ்வளவுதான். ஆனால் கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பமாட்டார், நாங்கள் நாற்காலிகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் யாரும் கேட்காமலே அடுக்கத் தொடங்கினார். அப்புறம் முன்னதாகவே வந்து போட ஆரம்பித்தார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு லேசில் பிரியாது. நாங்கள் இரண்டு பேராக இழுத்து மல்லுக்கட்டுவோம். அவரோ அடி நாற்காலியின் காலை ஒரு காலால் மிதித்துக்கொண்டு மேலே இருப்பதைச் சற்றே திருகி எடுப்பார். சத்தமே வராது.

அவர் போட ஆரம்பித்த பிறகு வட்டத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. கதவோரம் இருக்கும் ஒரு நாற்காலி மட்டும் அரையடி பின்னால் தள்ளிக் கிடக்கும். அலட்சியம் என்று நினைத்து யாராவது சரிசெய்தால், வந்து மறுபடியும் பின்னால் இழுத்துவிடுவார். ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண் வாசலிலேயே தயங்கி நின்றார். அண்ணன் எழுந்து போய் அந்த நாற்காலியைக் காட்டினார்.

"இதுல உட்காருங்கம்மா. எழுந்து போகணும்னு தோணிச்சுன்னா யார் காலையும் தாண்டாம போயிடலாம். நான் வந்த புதுசுல இப்படி ஓர் இடத்தைத்தான் தேடினேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. மகனைப் பற்றி அவர் வாய் திறந்தது அதற்கும் பிறகுதான். "அவன் நாற்காலில ஒழுங்கா உட்கார்ந்ததே கிடையாது. பின்னங்கால் ரெண்டையும் ஊன்றி ஆடிக்கிட்டே இருப்பான். எத்தனை தடவை திட்டியிருப்பேன்." தன் முறை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, நீங்கள் பேசுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

உதவி செய்கிறவருக்கும் குணம் கிடைக்கிறது என்று ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தொடங்கியதே இப்படித்தான். அதுவும் 1935, வாரா அந்தச் சிறுமியை அடக்கம் செய்த அதே வருடம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்ற அமெரிக்கர், வியாபார விஷயமாக அங்கே அக்ரன் என்ற நகரத்துக்குப் போனார். போன காரியம் கெட்டது. தங்கியிருந்த ஓட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. மனிதர் தொலைபேசியை எடுத்தார். ஊரில் குடியோடு போராடுகிற வேறு யாராவது இருந்தால் அறிமுகப்படுத்துங்கள் என்று தேவாலயங்களுக்குப் பேசினார். அப்படி ஒருவருக்கு உதவினால்தான் அன்றைக்குத் தான் தப்பிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால்மணி நேரத்துக்குமேல் முடியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஆறு மணி நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். குடியின் கேடு டாக்டருக்குத் தெரியாததா என்ன? பட்டவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வேலையும் பேச்சும் சேர்வதற்கு இன்னொரு நல்ல உதாரணம் ஜிம்பாப்வேயில் இருக்கிறது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஹராரே நகரில், சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை அதில் உட்காரவைத்தார். 'ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்' என்று பெயர். 2016-ல் வெளியான ஆய்வில் 573 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பாட்டிகளிடம் பேசியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 50 சதவீதம். எல்லோரும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ அதற்குப் பிறகு நடப்பது இன்னும் சுவாரசியம். பெஞ்சில் பேசி முடித்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னுவார்கள், பின்னிக்கொண்டே பேசுவார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, துக்கத்தில் இருப்பவரைப் பிடித்து உட்காரவைத்து "மனசுல இருக்கிறதைக் கொட்டிடுங்க" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பெரிய விபத்தையோ பேரிடரையோ சந்தித்தவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் செய்யும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் அது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், பேசச் சொல்லி அழுத்தாதீர்கள் என்றே சொல்கிறது. எங்கள் தலையாட்டும் விதியை நான் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒருவர் பேசினால் மட்டும் கூட்டத்தோடு நிறுத்தமாட்டோம். அன்றைக்கே ஒருவர் அவர் கூட இருந்து மருத்துவரிடம் சேர்ப்போம். அறைக்குள் கேட்டது வெளியே போகக்கூடாது என்ற விதிக்கு உள்ள ஒரே விலக்கு அது. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு சின்னத் தகராறு. என்னோடு கூட்டம் நடத்தும் அக்கா, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு வேலை கொடுத்துவிடலாம் என்கிறார். "அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு நீயே பார்த்தியே!" என்பது அவர் வாதம். பார்த்தேன்தான். ஆனால் அண்ணனுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் நின்று பார்த்து, தானாக எடுத்துக்கொண்டார். மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தால் மறுவாரம் வராமலே போயிருப்பார் என்று நினைக்கிறேன். அக்கா விடுவதாக இல்லை: "கூச்சப்படுறவங்க தானா எப்பம்மா கேப்பாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் கதவுப் பக்கம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம். வேலைகளின் பட்டியல், பக்கத்தில் காலி இடம். விரும்பினவர்கள் பெயர் எழுதலாம். நாற்காலிக்கு எதிரே யாரும் எழுதவில்லை, அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். கடிகாரம் பார்க்க ஆள் கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர்களைப் போனில் விசாரிக்கும் வேலைக்குத்தான் ஒருவரும் முன்வரவில்லை. அது நியாயம்தான். போனில் யோசனை சொல்லாமல் இருப்பது நேரில் இருப்பதைவிடக் கஷ்டம். யாராவது எழுதும்வரை அக்காவும் நானும் மாற்றி மாற்றிப் பேசுவதாக ஏற்பாடு.