மச்சான் போட்ட பன்னெண்டு நாட்டு ப்ளான்

கோயமுத்தூர்ல இருந்து காலேஜ் மச்சான் ஒருத்தன் ஜூன் கடைசில நான் இருக்குற ஜெர்மனிக்கு வர்றான், ரெண்டு பேரும் பைக் எடுத்துட்டு யூரோப் சுத்தணும்னு வருஷக்கணக்கா பேசிட்டு இருந்தது இப்பத்தான் கைகூடுது. எக்ஸெல் ஷீட் ஒண்ணு போட்டு அனுப்பியிருக்கான் பாருங்க, ரெண்டு வாரத்துல பன்னெண்டு நாடு, தினம் 600 கிலோமீட்டர். "லடாக் ஓட்டுனவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமாடா"ங்கிறான்.

ஜெர்மனி ஆட்டோபான்ல 600 ஓட்டுறது கஷ்டமே இல்ல, டோலும் கிடையாது. ஆனா லாரி பின்பக்கத்தையும் சவுண்ட் தடுக்குற சுவரையும் பாக்குறதுக்கா இவ்ளோ செலவு பண்ணி வர்றான்? அதனால அவன் ஷீட்டை ஓரமா வச்சுட்டு நான் ஒரே ஒரு கோடு போட்டேன். ஸ்டுட்கார்ட்ல ஆரம்பிச்சு ஆஸ்திரியா வழியா ரெஷன் பாஸ் (பாஸ்னா மலைக் கணவாய்; ஏரிக்கு நடுவுல சர்ச் கோபுரம் மட்டும் நீட்டிட்டு நிக்குமே, அந்த இடம்தான்), அப்புறம் ஸ்டெல்வியோ பாஸ், லிவின்யோ ஊரு, பெர்னினா, ஃபுர்கா, கிராண்ட் செயின்ட் பெர்னார்ட், ஃபிரான்ஸுக்குள்ள ஈசெரான், கலிபியே, பொனெட், கடைசில நீஸ்ல கடல். மொத்தமே ஆல்ப்ஸ் மட்டும்தான். நாடு அஞ்சுதானான்னு மூஞ்சிய தூக்குனான், நீஸ் பக்கத்துலயே மொனாக்கோ இருக்குடா ஆறுன்னு வச்சுக்கோன்னதும் கொஞ்சம் சமாதானம் ஆனான்.

அடுத்த சண்டை உயரத்துக்கு. லடாக்ல கார்துங் லா கணவாய் 5359 மீட்டர், ஸ்டெல்வியோ வெறும் 2757, பாதிதானேன்னான். கணக்கு சரிதான், ஆனா இங்க உயரம் ஒரு விஷயமே இல்ல, வளைவுதான் விஷயம். ப்ராட் ஊர்ப்பக்கமா ஏறுனா 48 கொண்டை ஊசி வளைவு. 1820கள்ல ஆஸ்திரியப் பேரரசு காலத்துல கார்லோ தோனெகானிங்கிற எஞ்சினியர் குதிரைவண்டிக்குப் போட்ட ரோடு, அதுல இன்னைக்கு பஸ்சும் கேரவனும் எதிர்ல வருது. கொல்லிமலைல 70 வளைவு ஓட்டியிருக்கேனேன்னு சொல்றான், அங்கதான் சிக்கலே. நம்மூர்ல இடது பக்கம் ஓட்டுறதால இடது வளைவுதான் இறுக்கமா இருக்கும், உடம்பு அதுக்குத்தான் பழகியிருக்கும். இங்க வலது பக்கம் ஓட்டணும், அதனால ஏத்தத்துல வர்ற வலது வளைவுதான் உசுர வாங்கும், உள்பக்கமா ஒட்டி, ஃபர்ஸ்ட் கியர்ல, ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டுன வண்டியோட திரும்பணும். வேகம் குறைஞ்சு வண்டி சாய்ஞ்சா தூக்கி நிறுத்துறதுக்குள்ள பின்னாடி பத்து கார் நிக்கும். அதனால மொதல் நாளே ஸ்டெல்வியோ கிடையாது, ஒரு நாள் பிளாக் ஃபாரஸ்ட்ல ஓட்டி கை பழகிட்டுத்தான். பாஸ் ரோடுல ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் ஓட்டுனாலே பொழுது சாய்ஞ்சிடும், மேப் காட்டுற நேரத்த நம்பவே கூடாது.

தேதியும் நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஈசெரான் 2764 மீட்டர், பொனெட் சுத்தி வர்ற ரோடு 2802 மீட்டர், பனி அதிகமா விழுந்த வருஷம் ஜூன் பாதி வரைக்கும் கூட மூடிக் கிடக்கும். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், இத்தாலிக்காரங்க மொத்தப் பேரும் லீவுல ரோட்டுல இருப்பாங்க. ஜூன் கடைசி இல்லன்னா செப்டம்பர் ஆரம்பம், என் ஓட்டு செப்டம்பருக்குத்தான், ஆனா அவனுக்கு ஆபீஸ்ல லீவு ஜூன்லதான் கெடச்சுச்சு.

இதுக்கு நடுவுல விசா. ஷெங்கன்ல (யூரோப்ல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) எந்த நாட்டுல அதிக நாள் தங்குறியோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், அதனால ரூட்டை மாத்துனா கான்சுலேட்டே மாறிடும். எங்க ப்ளான்ல ஜெர்மனியும் ஃபிரான்சும் ராத்திரிக் கணக்குல சமமா வந்துச்சு, கடைசில எங்க வீட்டுல ரெண்டு ராத்திரி சேத்துப் போட்டு ஜெர்மனின்னு முடிச்சோம். எங்க தங்கப்போறன்னும் காட்டணும், ஆனா மலைல மழை வந்தா அன்னைக்கு ப்ளானே மாறும், அதனால ஃப்ரீயா கேன்சல் பண்ற ரூமா பாத்து போட்டிருக்கோம். 30,000 யூரோ கவர் பண்ற டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம், பாலிசில பைக் ஓட்டுறது அடங்குதான்னு பொடி எழுத்தெல்லாம் படிச்சு பாக்கச் சொல்லியிருக்கேன்.

சின்னச் சின்ன விஷயம் நெறைய இருக்கு. ஸ்விஸ்ல 40 ஃபிராங்க் விக்னெட்ங்கிற டோல் கட்டணம் ஹைவேக்கு மட்டும்தான், மலை ரோட்டுலயே போனா தேவையே இல்ல. ஸ்விஸ் ஐரோப்பிய யூனியன்ல இல்லாததால ரோமிங்ல பில் எகிறலாம், மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கணும். ஆஸ்திரியால டிரோல் பக்கம் லெக்தால், ஹான்டென்யோக் ரோட்டுலயெல்லாம் 2020ல இருந்து சீசன் நேரத்துல 95 டெசிபலுக்கு மேல சத்தம் போடுற பைக்குக்குத் தடை, ஆர்சி பேப்பர்ல யூ.1 கட்டத்துல இருக்குற டெசிபல் நம்பரைத்தான் போலீஸ் பாப்பாங்க, சைலன்ஸர் நீ மாத்துனியா கம்பெனிலயே அப்படி வந்துச்சான்னு கேக்கவே மாட்டாங்க. ஃபிரான்ஸ்ல சிஇங்கிற யூரோப் பாதுகாப்பு முத்திரை இல்லாத கிளவுஸ் போட்டா 68 யூரோ ஃபைன். ஜெர்மனில டிராஃபிக்ல கார் நடுவுல புகுந்து போனா தப்பு, நம்மாளு பழக்கதோஷத்துல கண்டிப்பா பண்ணுவான். லிவின்யோல வரி கிடையாது, பெட்ரோல் சல்லிசு, டேங்க் ஃபுல் பண்ணிக்கலாம்.

இப்ப பாக்கி நிக்கிறது அவனுக்கு வாடகை வண்டி. அவனுக்கு 1200 சிசி பிஎம்டபிள்யூ ஜிஎஸ்தான் வேணுமாம், எனக்கென்னவோ அந்த வளைவுக்கெல்லாம் 700, 800 சிசில எடை கம்மியான வண்டிதான் சரின்னு படுது, டெபாசிட்டும் கொறையும். அந்த ரோட்டுல வாடகை வண்டி ஓட்டுனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.