நாலரை அங்குலப் படி

திருநெல்வேலி கே.டி.சி. நகரில் நாங்கள் கட்டிக் கொடுத்த ஒரு வீட்டில், பால் காய்ச்சிய மூன்றாம் நாள் அந்த வீட்டு ஆச்சி மாடிப்படியில் இறங்கும்போது தடுமாறி விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் அவருடைய மருமகளுக்கு ஏறும்போது பெருவிரல் இடித்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டேப்பை வைத்து அளந்தேன். எல்லாப் படியும் ஆறு அங்குலம், முதல் படி மட்டும் நாலரை.

காரணம் தெரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படிக்கட்டுக்குக் கான்கிரீட் போட்ட நாளில் தரை வெறும் தரையாக இருந்தது. பிறகு கலவை பரப்பி கிரானைட் பதித்ததில் தரை இரண்டரை அங்குலம் ஏறியது. படிகளின்மேல் ஒட்டிய கல்லோ ஒரு அங்குலம்தான். மிச்சம் ஒன்றரை அங்குலத்தை முதல் படி இழந்துவிட்டது. அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டியவன் நான்.

"தம்பி, காலுக்குக் கண்ணு கிடையாது பாத்துக்கிடுங்க" என்றார் எங்கள் மேஸ்திரி. முதல் படியிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம் பார்ப்பதில்லை, நம்புகிறது. ஏறும்போது இரண்டாம் படியில் விரல் இடிக்கும். இறங்கும்போது கடைசியில் தரை எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து முழங்காலை உதறும். லேண்டிங் வரைக்கும் பத்து ஏற்றம். ஒட்டிய கல்லையெல்லாம் பெயர்த்து, குறைந்த ஒன்றரை அங்குலத்தைப் பத்துக்கும் பங்கு போட்டோம். ஒவ்வொன்றும் 5.85 அங்குலம். கீழ்ப்படியில் கலவை தடிமன் அதிகம், மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகும். நாலு நாள் வேலை. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் விழவில்லை.

அப்போது எனக்கு 24 வயது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து 2011-இல் சைட்டுக்குப் போனவன். ஒன்பது வருடம் பாளையங்கோட்டை, பெருமாள்புரம், தச்சநல்லூர், பேட்டை என்று வீடும் கடையும் கல்யாண மண்டபமும் கட்டினேன். இன்று போனில் ஓடும் ஆப்களுக்குத் திரைகளை வடிவமைக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு இன்னும் பெயர் நிலைக்கவில்லை. புராடக்ட் டிசைன் என்று சொன்னால், "டி-ஷர்ட்டுல படம் போடுறதா?" என்று கேட்கிறார்கள்.

மாறியது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சைட் நின்றது. நான் வேலை பார்த்த காண்டிராக்டரிடம் அதற்கு முன்பிருந்தே மூன்று மாதச் சம்பளம் பாக்கி. சாரம் கட்டிய நிலையிலேயே கட்டடங்கள் வெயிலில் நின்றன. ஆட்டோகேடில் வரைந்து பழகிய கை சும்மா இருக்கவில்லை. யூடியூபில் ஃபிக்மா என்ற, திரைகளை வரையும் மென்பொருளைப் பார்த்தேன். பிரவுசரிலேயே திறக்கும், தொடங்கக் காசு வேண்டாம். சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வேலை கிடைக்க 14 மாதம் ஆனது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே வேலை. சைட்டில் வாங்கியதைவிட பத்தாயிரம் குறைவு. அந்த ஒரு வருடம் வீட்டுச் செலவை ஓட்டியது என் மனைவியின் டீச்சர் சம்பளம். இந்த மாதிரிக் கதைகளில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. எனக்கு விட மனம் இல்லை.

படிக்கும்போது ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெரும்பாலும் அப்பா.

அப்பா கொத்தனார். முன்னீர்பள்ளத்தில் இருந்து சைக்கிளில் போய் வேலை பார்த்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அவரிடம் தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், மணியாசுக்கட்டை எல்லாம் உண்டு. என்றாலும் எனக்குப் பிடித்தது டியூப் மட்டம். நிறமில்லாத ஒரு நீளக் குழாய், அதற்குள் தண்ணீர். ஒரு முனையை அப்பா பிடிப்பார், சுவருக்கு அந்தப் பக்கம் சித்தாள் அக்கா மறுமுனையைப் பிடிப்பார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கே ஒரு பென்சில் கோடு, இங்கே ஒரு பென்சில் கோடு. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம், எண் படிக்க வேண்டாம், புதிதாக வந்த ஆள்கூட அரை மணி நேரத்தில் பழகிக்கொள்வார். நடுவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் மட்டும் மட்டம் பொய் சொல்லும். அதனால் அப்பா குறி போடுவதற்கு முன் குழாய் முழுக்கச் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றுவார். எளிமையாக இருக்க வேண்டும், தப்பு எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று டிசைன் வகுப்பில் சொன்னபோது, எனக்கு அந்த விரல் சுண்டும் சத்தம் கேட்டது.

முதல் பெரிய வேலை, கட்டடச் சாமான் ஆர்டர் எடுக்கும் ஆப். ஹார்டுவேர் கடைக்காரர்களும், பாறையை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட் சப்ளை செய்பவர்களும் பயன்படுத்துவது. நான் சேர்ந்தபோதே திரைகள் பாதி தயாராக இருந்தன. பார்க்க அழகு. சாமான் பெயர், அதன் கீழே "அளவு" என்று ஒரு கட்டம், பக்கத்தில் கிலோ, டன் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். எனக்குச் சங்கடமாக இருந்தது. புதிதாக வந்தவன் என்பதால் முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஒருவரே போதுமானதாக இருந்தது. டவுனில் எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்தேன். ஒரு யூனிட் முக்கால் இஞ்ச் ஜல்லி ஆர்டர் போடச் சொன்னேன். கட்டத்தில் விரலை வைத்தார், எடுத்தார், பட்டியலைத் திறந்தார், மூடினார். "ஜல்லிய இதுல எப்படிக் கேக்க தம்பி? கிலோவா கேக்கச் சொல்லுதியளா?"

அவர் கேட்டது நியாயம். நம் பக்கம் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. செங்கல் எண்ணிக்கை அல்லது லோடு. சிமென்ட் மூட்டை, 50 கிலோ. கம்பி விற்பது எடைக்கு, சைட்டில் கேட்பதோ "எட்டு எம்.எம். பத்து கம்பி, பன்னிரண்டு எம்.எம். இருபது கம்பி" என்று. கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். பன்னிரண்டு எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, ஒரு முழுக் கம்பி 12 மீட்டர். இது சிவில் படித்த எல்லோருக்கும் தூக்கத்திலும் வரும். நான் அந்தத் திரையைத் திருப்பிப் போட்டேன். முதலில் சாமானைத் தொடு. தொட்டதும் அந்தச் சாமானுக்கு உரிய அளவு மட்டும் வரும். கம்பியை எண்ணிக்கையில் போட்டால் எடையைக் கீழே அதுவே சொல்லும். அண்ணாச்சி இரண்டாம் முறை ஒரு வார்த்தையும் கேட்காமல் ஆர்டரை முடித்தார். வேறு துறையில் கழித்த ஒன்பது வருடம் வீண் என்று எனக்குள் இருந்த பயம் அன்றைக்குத்தான் விலகியது.

அதே ஆப்பில் இன்னும் இரண்டு. எழுத்து வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏசி அறையில் அது நேர்த்திதான். சித்திரை மாத மத்தியானம் தாழையூத்துப் பக்கம் ஒரு சைட்டில் நின்று போனைப் பார்த்தால் வெறும் கண்ணாடி, நம் முகம்தான் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று வலைத்தளங்களுக்கான அணுகல் வழிகாட்டி சொல்கிறது. நான் அதையும் தாண்டிக் கறுப்பாக்கினேன். அடுத்தது கை. சிமென்ட் வேலை செய்பவர்களின் விரல்நுனி தேய்ந்து ரேகை மழுங்கியிருக்கும். ரேகை வைத்துத் திறக்கும் வசதி அவர்களில் பலருக்கு வேலை செய்வதில்லை. நான்கு எண் போட்டுத் திறக்கும் வழியை முன்னால் கொண்டுவந்தேன்.

தமிழும் தனி வேலை வாங்கியது. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் பட்டனில் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டால் வெளியே வழிகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் கி எது, கீ எது என்று வயதானவர்களுக்குத் தெரிவதில்லை. கடையில் யாரும் சமர்ப்பிப்பதில்லை. "அனுப்பு" என்று போட்டேன், பட்டனுக்குள் அடங்கியது.

கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. சைட்டில் தளம் போடும் நாள் தெரியும்தானே? விடியற்காலையில் மிக்ஸர் ஓடத் தொடங்கினால் முடியும்வரை நிறுத்த முடியாது. கம்பி இடைவெளி, கவர் பிளாக், ஒயர் குழாய், எல்லாவற்றையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். கொட்டியது கொட்டியதுதான். அதற்கப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, முட்டு பிரிக்கும்வரை மனசு அந்தத் தளத்திலேயே கிடக்கும். அதே கலவையில் வார்த்த கியூபைச் சோதித்து வலிமை வந்துவிட்டதா என்று பார்க்க 28 நாள். அப்படி வளர்ந்தவனிடம், என்னைவிட ஏழு வயது இளைய எங்கள் டீம் லீட், "அண்ணா, பாதியிலேயே காட்டுங்க, முடிச்சிட்டுக் காட்டாதீங்க" என்று சொன்னபோது எனக்குக் கை ஓடவில்லை. பூசாத சுவரை வீட்டுக்காரரிடம் காட்டினால் அவர் இரவெல்லாம் தூங்க மாட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். பத்து வரைந்து ஒன்பதைத் தூக்கிப்போடுவது எனக்கு விரயமாகப் பட்டது. ஆறு மாதம் ஆயிற்று, வரைந்ததை அழிப்பதற்குக் காசு இல்லை என்று உடம்புக்குப் புரிய.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எதையும் மாற்றலாம் என்பதால், "அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு மிகச் சுலபமாக வருகிறது. அந்த இடத்தில் நான் இன்னும் சைட் ஆள்தான். முதல் மூன்று திரைகளில் கீழே வலப்பக்கம் இருந்த "அடுத்து" பட்டன், நாலாவது திரையில் மட்டும் இடப்பக்கம் இருந்தது. அதில் வலப்பக்கம் "ரத்து செய்" இருந்தது. சின்ன விஷயம், பிறகு மாற்றலாம் என்றார்கள். கே.டி.சி. நகர் ஆச்சியின் கதையைச் சொன்னேன். விரலுக்கும் கண் கிடையாது, மூன்று திரையில் இடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது, நாலாவதில் பார்க்காமல்தான் தொடும் என்றேன். அன்றைக்கே மாற்றினார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் மறக்காது. வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் தாமிரபரணி ரோட்டுக்கு ஏறி வந்தது. பல இடங்களில் சிக்னல் போயிற்று. எங்கள் ஆப்பைத் திறந்தால் வெள்ளைத் திரை. யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள். நோட்டில் எழுதுவதை என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்த அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வடிந்ததும் திரும்ப எழுந்தருளச் செய்வார்கள். தண்ணீர் வரும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த நான், சிக்னல் போகும் என்று யோசிக்காமல் இருந்தது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. கணக்கைப் போனிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் திரும்பியதும் மேலே ஏற்றும் வழியை டெவலப்பர்களோடு உட்கார்ந்து செய்து முடிக்க ஏழு வாரம் ஆனது.

வெள்ளம் வடிந்த பிறகு அப்பாவை பைக்கில் வைத்துச் சுலோச்சன முதலியார் பாலத்தில் போனேன். முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டி 1843-இல் திறந்த பாலம். அப்பா நிறுத்தச் சொன்னார். கைப்பிடிச் சுவரில் கைவைத்துக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். அப்புறம், "ஏலே, நீ இப்பம் கட்டுறது எங்க இருக்கு? காட்டு பாப்பம்" என்றார்.

போனைத்தான் காட்ட முடிந்தது. 2021-இல் நான் செய்த திரைகளில் இன்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாறிவிட்டன. கே.டி.சி. நகர் வழியாகப் போகும்போது அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நான் கடந்ததில்லை. அப்படித் திரும்பிப் பார்க்க இந்த வேலையில் ஓர் இடம் இல்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

போன மாதம் வீட்டுப் புறவாசலில் தண்ணீர் ஓட வாருகால் கட்ட எம்-சாண்ட் தேவைப்பட்டது. ஆப்பை அப்பாவிடமே கொடுத்தேன். "எப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களே போடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். சாமானைக் கண்டுபிடித்தார். அரை யூனிட் என்று போட்டார். அனுப்பு பட்டன் மேலே மூலையில் இருந்தது. நாற்பது வருடம் கரண்டி பிடித்த கட்டைவிரல் அவ்வளவு தூரம் மடங்கி நீளவில்லை. இரண்டு தடவை முயன்றார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, இடதுகை ஆள்காட்டி விரலால் தொட்டார்.

"போயிட்டால?"

"போயிட்டுப்பா."

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பட்டனைக் கீழே இறக்கினேன்.