ஒட்டினால் மட்டும் போதாது

லிப்பிட் எனும் கொழுப்பு மூலக்கூறுகளாலான வெசிக்கிள்களைத் தயாரித்து, அவற்றோடு பாலிஸ்டைரின் மணிகளை, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. வெளியாட்களுக்கு இருட்டறையில் உட்கார்ந்து புள்ளி எண்ணுவதாகத்தான் தெரியும்.

வெசிக்கிள் என்பது 20, 30 மைக்ரான் அகலமுள்ள பை. அதன் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். மின்சாரம் கடத்தும் கண்ணாடியில் லிப்பிடைத் தடவி உலரவைத்து, சர்க்கரைக் கரைசலில் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் சவ்வு உப்பிக் கிளம்பும். உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ். சுக்ரோஸ் கரைசல் கனம் என்பதால் பை அடியில் படியும், தேடி அலைய வேண்டாம்.

1 மைக்ரான் மணி தண்ணீரில் சும்மா இருக்காது. நீர் மூலக்கூறுகள் இடித்து இடித்தே வினாடிக்குள் ஏறக்குறைய தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். கண்ணாடிச் சுவரருகே போனால் இடையிலுள்ள நீர் விலக வழியின்றி அசைவு மந்தமாகும். சவ்வருகே கதையே வேறு. அது நெளிந்து இடம் கொடுக்கும், பிறகு மெல்ல மீளும். மீளும்போது நீரைத் தள்ள, நீர் மணியைத் தள்ளும். சற்றுமுன் போன போக்கின் தாக்கம் இப்போதைய அசைவிலும் கிடக்கும்.

மணியில் நியூட்ராவிடின் என்ற புரதம், சவ்வில் அது இறுகப் பற்றிக்கொள்ளும் பயோட்டின் என்ற வைட்டமின் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சில மணிகள் மேலோட்டமாக ஒட்டித் திரியும். சிலவற்றைச் சவ்வு முழுசாகப் போர்த்திவிடும். நெதர்லாந்தின் லெய்டனில் நடந்த ஆய்வு 2016-ல் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டியது: வெறுமனே ஒட்டியவை ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை; போர்த்தப்பட்டவை சுமார் இரண்டரை மணி அகலத் தொலைவுக்குள் வந்தால் ஈர்க்கப்படுகின்றன. அந்த ஈர்ப்பும், மணியை இடித்து அசைக்கும் வெப்ப ஆற்றலைப்போலச் சில மடங்குதான். சேர்ந்தவை பிரிந்து போவதும் உண்டு.

இதை விளக்கப் பலரும் பஞ்சு மெத்தையில் இருவர் உட்கார்ந்து ஒரே பள்ளத்தில் சரிவதைச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே வேலை செய்வது எடை. இங்கே மணியின் எடை ஒரு பொருட்டே அல்ல. சவ்வை வளைக்கும் செலவு, இரண்டும் பக்கத்தில் இருந்தால் குறைகிறது, அவ்வளவுதான்.

சவ்வு விறைத்திருந்தால் போர்த்தலே நடக்காது. அதனால் ஸ்லைடை வைத்ததும் நான் பார்ப்பது மணியை அல்ல, பையின் விளிம்பை. கோடு போட்ட வட்டமாக அசையாமல் நின்றால் வெளியே குளுக்கோஸைக் கொஞ்சம் கூட்டுவேன். உள்நீர் கசிந்து பை தளர்ந்து விளிம்பு நெளியத் தொடங்கும். ஸ்லைடைச் சரியாக மூடாவிட்டால் நீர் ஆவியாகி இது தானாகவே நடந்துவிடும். காலையில் ஒட்டி மட்டும் இருந்த மணி மதியம் போர்த்தப்பட்டுக் கிடக்கும். எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நேரம் எழுதுவது இதற்காகத்தான்.